அம்மாள் திருவிருந்தை விட்ட காரணம்

தங்கவயல்
2 பிப்ரவரி 1938

அன்புள்ள அக்காள் சுகிர்தத்துக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் லேயாளும் குழந்தையும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

அம்மாள் அடக்கத்துக்கு வரமுடியாமல் போனதை நினைத்தால் இன்னும் சோறு இறங்கவில்லை. அந்தக் குறை தீர, மார்ச்சு மாத நினைவு ஆராதனையில் வாசிப்பதற்கு அம்மாளின் ஜீவிய சரித்திரத்தை எழுதிப் போதகர் ஐயாவுக்கு அனுப்பினேன். விடியற்காலை ஜெபம், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைத் தலைவாரி அழைத்துப் போனது, எல்லாம் எழுதினேன். ‘சாகும்வரை ஒரு திருவிருந்தும் தவறாதவள்’ என்றும் எழுதினேன்.

ஐயா அந்த வரியில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். கடைசி இரண்டு வருஷமாக அப்பமும் ரசமும் வாங்க அம்மாள் திருவிருந்துப் பந்தியில் சேரவேயில்லையாம். கேட்டால், ‘கர்த்தருக்குத் தெரியும்’ என்று மட்டும் சொல்வாளாம். காரணம் தெரியாமல் சபை முன்பாக வாசிக்க விடமாட்டேன் என்கிறார்.

இது போதாதென்று, வண்டிக்கார வேம்புலியின் தம்பி இங்கே சுரங்கத்தில் வேலை செய்கிறான், ஊருக்குப் போய்வந்து சொல்கிறான்: “ஞாயித்துக்கெயமல விடியசொல்ல உங்கம்மா மாங்காட்டு ரோட்ல தனியா போய்க்கினு இருந்துச்சு சார். இன்னாம்மா, எங்கன்னு கேட்டா சிரிச்சிக்கினே பூடும்.”

மாங்காட்டில் அம்மாளுக்கு என்ன வேலை? லேயாளின் தாய் வீட்டை அவள் எட்டியும் பார்க்கமாட்டாள்; மற்றபடி அங்கே இருப்பது அம்மன் கோயில்.

உன் புருஷன் போன பிறகு அம்மாளுடன் ஒரே கூரையில் இருந்தவள் நீ. உனக்குத் தெரியாமல் ஓர் எறும்பும் அந்த வீட்டில் நுழையாது. எதையோ மூடி வைக்கிறாய் என்று என் மனம் சொல்கிறது. ஒளிக்காமல் எழுது.

உன் தம்பி,
மாசிலாமணி

*

பூந்தமல்லி
8 பிப்ரவரி 1938

பிரியமான தம்பிக்கு,

உன்னையும் உன் வீட்டாரையும் கர்த்தர் காப்பாராக.

வந்தது கடிதமா, போலீசு விசாரணையா என்று இரண்டு தரம் புரட்டிப் பார்த்தேன். சின்ன வயதில் தோசையைக்கூட முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துத்தான் தின்பாய், பெரியது எனக்குப் போய்விட்டதோ என்று. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா?

அம்மாளுக்கு உடம்பு மோசம், உடனே வா என்று நான் அடித்த தந்திக்கு, உனக்கும் காய்ச்சல் என்று பதில் வந்தது. என்ன காய்ச்சல் என்று நான் கேட்டேனா?

அம்மாள் அம்மனைக் கும்பிடப் போகவில்லை. இதை மட்டும் நம்பு. மற்றதைச் சொல்லக்கூடாதென்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் ஐயா மற்றதை வாசிக்கவிடுவார், நான் பேசிப்பார்க்கிறேன்.

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிக் கிடக்கிறது. கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்குகிறது, பறித்துத் தின்ன ஆளில்லை. உன் மகள் ஞானப்பாட்டு அழகாகப் பாடுகிறாளாமே, கேட்கச் சந்தோஷம்.

அக்காள்,
சுகிர்தம்

*

தங்கவயல்
13 பிப்ரவரி 1938

அக்காளுக்கு,

என் சந்தேகம் சரியாய்ப் போயிற்று. என் மகள் பாடுகிறாள் என்று உனக்கு யார் சொன்னது? நீ அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. நான் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. இங்கே நடப்பது அங்கே போகிறது. அங்கே நடந்தது மட்டும் எனக்குத் தெரியக்கூடாதா?

வாக்கு கொடுத்தேன் என்கிறாய். செத்தவர் பேரில் வாக்கைப் போட்டால் யார் போய்க் கேட்பது? அம்மாளைச் சபையிலிருந்து பிரித்தது நீதான் என்றே நினைக்கிறேன். ஒரு வாரத்துக்குள் உண்மை வராவிட்டால் ஐயாவுக்கு அப்படியே எழுதுவேன். அதன் பிறகு நீ யாரோ, நான் யாரோ.

மாசிலாமணி

*

பூந்தமல்லி
18 பிப்ரவரி 1938

மாசிலாமணிக்கு,

வாக்கை உடைக்கிறேன். கர்த்தர் மன்னிப்பார், அம்மாள் மன்னிப்பாளோ தெரியாது.

உன் கலியாணத்தன்று மாங்காட்டுப் பாதையில் லேயாளின் தாய் அன்னம்மாள் வீட்டுக்குப் போனோமே. மணப்பெண் லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சேரியிலிருந்து சபைக்கு வந்தவர்கள் என்று அம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நானும் வாங்கவில்லை. அன்றே நீ லேயாளை அழைத்துக்கொண்டு ரயிலேறினாய். ‘இனி என் வாசலை மிதிக்காதே’ என்று எழுதினாய். அம்மாள் போட்ட கடிதமெல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்தன.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு, பந்தியில் அம்மாளுக்கு அடுத்து அன்னம்மாள் முழங்காலில் இருந்தாள். அன்னம்மாள் குடித்த திராட்சரசப் பாத்திரம் அம்மாளிடம் வந்தது. அம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள். அருவருப்பு என்று நினைத்து எனக்கே கோபம் வந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தவள் வீட்டில் சொன்னாள்: “அந்தப் பொண்ணு குடுத்த தண்ணிய வாங்காத வாய்க்கு இந்தப் பாத்திரம் எதுக்கு சுகிர்தம்?”

அதன் பிறகு திருவிருந்து ஞாயிறுதோறும் விடியுமுன் அன்னம்மாள் வீட்டுக்கு நடப்பாள். போய்த் தண்ணீர் கேட்பாள். அன்னம்மாள் கொடுக்கமாட்டாள். “எம் பொண்ணு குட்த்தத நீங்க வாங்கல. அவ கையால வாங்கிக் குட்ச்சிட்டு அப்பால எங்கிட்ட கேளுங்கம்மா” என்பாள். அம்மாள் திரும்பி வந்து நம் சபைக் கோயிலில் கடைசி வரிசையில் உட்காருவாள். பந்திக்கு எழுந்திருக்கமாட்டாள்.

உனக்கு எழுதட்டுமா என்று எத்தனையோ தரம் கேட்டேன். “எழுதாதே. அவன் நம்பமாட்டான், நாடகம் ஆடறேன்னுதான் சொல்லுவான்” என்று என் வாய்க்குப் பூட்டுப் போட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அங்கே போனவள் மத்தியானம் சிரித்துக்கொண்டே வந்தாள். “குடிச்சிட்டேன்” என்றாள். பேத்தியைப் பார்த்தேன், மடியில் உட்கார்ந்து பாடினாள் என்றாள். அன்னம்மாள் மனமிரங்கினாளா என்று கேட்டேன், சேலைப் பெட்டியைத் திறக்கப் போய்விட்டாள். ஜனவரித் திருவிருந்துக்கென்று வெள்ளைச் சேலையைத் துவைத்து மடித்து வைத்தாள். அதற்குள் காய்ச்சல் படுக்கையில் தள்ளிவிட்டது. அந்தச் சேலையைக் கட்டித்தான் அடக்கம் செய்தோம்.

நான் யாரையும் சபையிலிருந்து பிரிக்கவில்லை. நீ சொன்ன சொல் நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிறது. ஐயாவுக்கு என்ன வேண்டுமோ எழுதிக்கொள்.

சுகிர்தம்

*

தங்கவயல்
25 பிப்ரவரி 1938

அன்புள்ள அக்காளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் பொய் என்றுதான் முதலில் நினைத்தேன். என் புத்தி உனக்குத் தெரியும். லேயாளிடம் போய், “கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனியே, எங்கம்மாவப் பாத்தியா?” என்று கேட்டேன். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“பாத்தேன். தண்ணி குட்த்ததே நாந்தான். எங்கம்மா வாணாம்னுச்சு, நான் கேக்கல. பாவம், ரெண்டு கையாலயும் வாங்கிக் குட்ச்சுது.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நம்புவீங்களா? ஆத்தாளும் பொண்ணும் சேந்து இன்னாவோ திட்டம் போடறீங்கன்னு கேப்பீங்க. அதுக்கு சொல்லாமலே இருக்கலாம்னு கீறேன்.”

அப்படியேதான் கேட்டிருப்பேன் அக்காள். நீங்கள் எல்லோரும் என்னைச் சரியாக அறிந்து வைத்திருக்கிறீர்கள். தந்தி வந்த அன்று எனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னை வரவழைக்க அம்மாள் செய்த தந்திரம் என்று நினைத்து, தந்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

உன்னை நான் சொன்ன சொல்லுக்கு என்னை மன்னித்துவிடு. நான் எழுதிய சரித்திரத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீ புதிதாய் எழுது. தண்ணீரையும் பந்தியையும் எழுது, அம்மாளின் கடிதங்கள் திரும்பி வந்ததை எழுது, என் பெயரை விடாதே. ஐயாவிடம் நானே பேசுகிறேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். மறுநாள் ஞாயிறு நினைவு ஆராதனையில் நான் எழுந்து வாசிக்கிறேன். பாதியில் என்னால் வாசிக்க முடியாமல் போனால் மீதியை லேயாள் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன் தம்பி,
மாசிலாமணி