திரையில் தெரியாத கை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே ஆபரேஷன் தியேட்டரில் இப்போது ரோபோதான் வயிற்றுக்குள் வேலை செய்கிறது. டாக்டர் ஓரமாக உட்கார்ந்து, திரைக்குள் முகத்தைப் புதைத்தபடி அதை இயக்குகிறார். நோயாளியின் பக்கத்தில் நிற்பது நர்ஸான நான்தான். நேற்று மயக்கத்தில் கிடந்தவர் ஒரு தையல்காரர். ரோபோவின் இரும்புக் கை அவருடைய முழங்கையை அழுத்திக்கொண்டிருந்தது. நான் புதிதாக வந்தவள்தான், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க."

"எல்லாம் சரியாத்தானே தெரியுது?"

"உள்ளே சரிதான். வெளியே அவர் கை நசுங்குது."

எழுந்து வந்து பார்த்தார். தோல் சிவந்திருந்தது. ரோபோவின் கையை விலக்கி வைத்துவிட்டு, "நல்லவேளை சொன்னீங்க" என்றார். இன்று காலை தையல்காரர் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். அதனால் நீங்கள் கவலைப்படாதீர்கள். வலிக்கிறது என்று சொல்ல முடியாதவர் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கத்தான் வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

ஒன்று கேட்கிறேன். நான் போன் செய்யும்போது, பேசி முடித்ததும் துண்டிக்காதீர்கள். அடுப்படியில் அப்படியே வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பாத்திரச் சத்தம் கேட்டாலே போதும்.

டியூட்டி வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்