என் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன்

உன் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். தட்டைத் துணுக்குகள் கொட்டின. பெருங்காய வாசனை இன்னும் போகவில்லை. போன வாரம் உன் வீட்டுக்காரர் அதைத் துணிப்பையில் போட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகரில் என் வீடு வரை டவுன் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். "தொடைச்சுக் குடுத்திருக்கணும். மனசு வரலை," என்றார். துடைக்காததே நல்லது. எம்.எஸ்சி. படிக்கும்போது லேபில் நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாலே முறைப்பவள் நீ. வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

அதே கீபோர்டில்தான் இதை அடிக்கிறேன். உன்னுடைய அந்த இயங்குதளத்தில்.

அதைப் பற்றி யாரிடம் சொன்னாலும் பெயரை இரண்டாம் முறை கேட்பார்கள். விண்டோஸ் இல்லை, லினக்ஸும் இல்லை. பல தேசங்களில் சிதறிக் கிடக்கும் கொஞ்சம் பேர் சம்பளமில்லாமல் எழுதி, யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருப்பது. மேசைக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். பழைய மெஷினிலும் சட்டென்று திறக்கும். கேட்காத எதையும் செய்யாது. அதில் தமிழ் தெரியவும் தட்டச்சு செய்யவும் வேண்டியதை எல்லாம் எழுதியவள் நீ ஒருத்திதான். எனக்கு ஆரம்பத்தில் அதில் துளியும் நம்பிக்கை இல்லை.

"மத்த எல்லாத்துலயும் தமிழ் நல்லாவே வருது. இதை யாருடி யூஸ் பண்ணப் போறா?" என்று கேட்டேன்.

"நான் பண்றேன். ஒருத்தி போறாதா?" என்றாய். "இனிமே நீயும் பண்ணு. ரெண்டு பேர் ஆச்சு."

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை எழுதினாலும், வேறொருவர் அதைத் தன் மெஷினில் ஓட்டிப் பார்த்து, ‘என் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது’ என்று தன் பெயரில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி இல்லாமல் எதுவும் உள்ளே போகாது. குழுவை ஒருங்கிணைக்கும் பனி தேசத்துக்காரரை நீ ‘பனிக்கரடி’ என்பாய். அவரே ஒருமுறை அவசரத்தில் அந்த வரி இல்லாமல் எதையோ சேர்க்கப் பார்த்தபோது, முடியாது என்று நின்றவள் நீதான். தமிழுக்கு அந்த வரியை எழுதத் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். உனக்குக் கிடைத்தவள் நான். வேலை எனக்குப் பிடித்திருந்தது. எதையும் நம்பாதவளுக்கு ஏற்ற வேலை.

"என்ன சொல்றது உன் தகர டப்பா?" என்று போனில் கேட்பாய்.

"ஓடலை."

"ஒழுங்காப் பார்த்தியா?"

"பார்த்தேன். ஓடலை."

"உன் மானிட்டர் ஆதிகாலத்து சதுர டப்பா. அதை மாத்துடி."

"நீ எழுதின கோடை மாத்து."

திட்டிக்கொண்டே மாற்றுவாய்.

ஒரு சித்திரைத் தேரன்று குழுவின் இணையக் கூட்டம் நடந்தது. பேசிக்கொண்டிருந்த நீ, ‘தேர் எங்கள் வீதிக்கு வருகிறது, அது கடந்துபோகும்வரை கரண்ட் இருக்காது’ என்று எழுதிவிட்டு மறைந்தாய். அவர்கள் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். நான்தான் விளக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அங்கே யாருக்காவது நெட் போனால், ‘தேர் வந்துவிட்டது’ என்று எழுதுவது வழக்கமாயிற்று. உன் ஊர்த் தேர் எந்தெந்த ஊருக்கெல்லாமோ போய்க்கொண்டிருக்கிறது.

போன பங்குனியில் நீ போய்விட்டாய். மாரடைப்பு. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ கடைசியாக அனுப்பிய திருத்தம் அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தது. நீளமாக அடிக்கும்போது வரி உடையும் இடத்தில் கொம்பு மேல் வரியிலும் எழுத்து கீழ் வரியிலும் போய் விழுகிறதே, அதைச் சரிசெய்யத்தான் எழுதியிருந்தாய். பனிக்கரடியிடமிருந்து எல்லோருக்கும் மெயில் வந்தது. உருக்கமான மெயில். உன் நினைவாக அந்தத் திருத்தத்தை அப்படியே சேர்த்துவிடலாம். அடுத்த வெளியீட்டின் முகப்புத் திரையில் உன் பெயரைப் போடலாம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அதற்கடுத்த வெளியீட்டிலிருந்து தமிழை எடுத்துவிடலாம். ஒவ்வொருவராக ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டே போனார்கள்.

நான் உன் திருத்தத்தை என் டப்பாவில் ஓட்டினேன். ஓடவில்லை. உன் அகலமான திரையில் சரியாக இருந்திருக்கும். என் சதுரத் திரையில் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம்.

‘என் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். ஓடவில்லை. செத்தவள் எழுதியது என்பதற்காக உடைந்ததை உள்ளே விடாதீர்கள். அவள் விட்டிருக்கமாட்டாள். முகப்பில் பெயர் வேண்டாம். தமிழை எடுக்கவும் வேண்டாம். ஆள் இருக்கிறேன்’ என்று எழுதினேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் அதை நாசூக்காக எழுதவும் செய்தார்.

அவர்களைவிட உன் வீட்டுக்காரரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "தெறக்கறப்பல்லாம் அவ பேர் வருமாமே. அதை ஏன் வேண்டாம்னேள்? உங்களுக்கு அவ மேல என்ன கோபம்?" என்று கேட்டார்.

"பேரை வச்சுட்டுத் தமிழை எடுக்கப் போறாங்க, சார். அப்புறம் அந்த ஸ்கிரீன்ல அவ பேரைத் தமிழ்ல அடிக்கக்கூட முடியாது."

"சரி, நான் என்ன பண்ணணும்?" என்றார்.

"நான் திருத்தி அனுப்புறதை அவ மெஷின்ல ஓட்டிப் பார்த்துச் சொல்லணும்."

"எனக்கு ரயில் டிக்கெட் போட மட்டும்தான் தெரியும்."

"படிக்கத் தெரியும்ல? அது போதும்."

கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு வந்த மாலைகளில் உன் கோடோடு உட்கார்ந்தேன். உன் கை எனக்கு வராது. நீ ஒரு மாலையில் முடிப்பதற்கு எனக்கு ஒரு பருவத் தேர்வுக் காலமே போயிற்று. கடைசியில் என் திரையில் எழுத்துகள் பிரியாமல் நின்றன. அனுப்பினேன். போன் வந்தது.

"ஓடலை," என்றார்.

"ஒழுங்காப் பார்த்தீங்களா, சார்?"

"பார்த்தேனே. கொத்தமல்லின்னு அடிச்சிண்டே போனேன். வரி ஓரத்துல கொம்பு தனியா நிக்கறது."

என் சதுரத் திரையில் சரி, உன் அகலத் திரையில் தப்பு. நீ செய்த அதே தவறு, கண்ணாடியில் பார்த்ததுபோல். அந்தத் திரையை மாற்றச் சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு கோடை மாற்றினேன். அடுத்த முறை அவர் போன் செய்யவில்லை. ‘என் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது’ என்று குழுவிலேயே எழுதிவிட்டார். தமிழில் எழுதியிருந்தார். பனிக்கரடிக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. "சரி, தமிழ் இருக்கட்டும்," என்றார் அவர்.

உன் கீபோர்டு என்னிடம் வந்த காரணமும் அதுதான். "இனிமே அடிக்கடி அடிக்கணுமே, எனக்குப் புதுசா ஒண்ணு வாங்கிண்டேன்," என்றார்.

இன்னும் ஒன்று செய்தேன். தமிழ்ப் பகுதியின் தலையில், பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். அங்கே இருக்கிற பெயர், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். நினைவுச்சின்னத்துக்கு அங்கே இடமில்லை.

இதை எத்தனை பேர் யூஸ் பண்ணுகிறார்கள் என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். ரெண்டு பேர் என்கிறேன். முன்பும் ரெண்டு, இப்போதும் ரெண்டு. குறையவில்லை.

மானிட்டரை மட்டும் மாற்றமாட்டேன்.