மாந்தோப்பைச் சுற்றி ஒரு ஜீப் பாதை

1997 நவம்பர் 2, ஞாயிறு

மழை விட்டு நான்கு நாள். மிங்கலாடோன் மண் இன்னும் சிவப்புக் களி. செருப்பைப் பிடுங்கிக்கொள்கிறது.

மாதா கோயில் பூசை முடிந்து வந்து மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா. சாப்பிட்டதும் என் வீட்டுக்காரர் கொட்டகைக்குப் போனார். ஜீப்பைத் துடைத்தார், ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிளட்சை மிதிக்கிறார், கியர் மாற்றுகிறார், ஸ்டியரிங்கை ஒடிக்கிறார். இன்ஜின் ஓடவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"யாரது, ரோசியா?"

"ஆமா. எங்க போறீங்க?"

"டவுங்கூ தாண்டிட்டேன். இனிமே தேக்குக் காடுதான்."

மரம் வெட்டும் காடுகளுக்கு இருபது வருடம் ஆளும் அரிசியும் ஏற்றிப்போன மனிதர். கண் நரம்பு போய்விட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம். வெளிச்சமா இருட்டா, அது மட்டும் தெரியும். இந்த நோட்டை இப்போதெல்லாம் நான் ஒளித்து வைப்பதில்லை.

நவ. 4, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் அலோன் கிடங்கில் நாள் முழுக்கச் சரக்குச் சீட்டு டைப். விரல் வலி. மதியம் தாமஸ் அண்ணன் வந்தார்.

"ஜீப்புக்கு ஒரு ஆள் இருக்கு. கேக்குறப்பவே குடுத்துடு ரோசி. மாப்பிள்ளைக்கு இனிமே அது என்னத்துக்கு?"

அடுத்த சீட்டை மெஷினில் சொருகினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோது ஓர் எண்ணம். ரோட்டில் அவர் ஓட்ட முடியாது, சரி. அப்பா விட்டுப்போன தோட்டம் ஒரு ஏக்கர். அங்கே எதிரே யார் வரப்போகிறார்கள்?

இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நவ. 8, சனி

தோட்டத்துக்குள்ளேயே ஒரு ஜீப் பாதை போடலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் முறம் கேட்டார். பிறகு, "நேர் ரோடு மட்டும் வேணாம். வளைவு வேணும். மேடு வேணும்."

முறத்தில் அரிசியைப் பரப்பி விரலால் பாதை வரைந்தார். பார்த்து எழுதிக்கொண்டேன்:

– கொட்டகை முதல் பெரிய மாமரம் வரை நேர். (பெகு ரோடாம்.)
– பலாமரத்தடி வளைவு. (டவுங்கூ.)
– குளத்து மண்ணைக் கொட்டி ஒரு மேடு.
– கணுக்கால் ஆழத்துக்குப் பள்ளம், தண்ணீர் விட்டு. ஓடை.
– வேலியோரமாகத் திரும்பிக் கொட்டகை.

இரண்டு பக்கமும் மண் கரை. சக்கரம் முட்டினால் கைக்குத் தெரிய வேண்டும்.

அரிசியை அப்படியே உலையில் போட மனமில்லை. மதியம் நூடுல்ஸ்.

நவ. 9, ஞாயிறு

பக்கத்துத் தோட்டத்தில் ரோஜா பயிரிடும் கோ மியோ நான் மண்ணைக் கொத்துவதைப் பார்த்து, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பர்மிய மரியாதையில் 'மா' சேர்த்துக் கேட்டார்: "மா ரோசி, என்ன நடப் போறீங்க?"

"ரோடு."

சிரித்தார். காரணத்தைச் சொன்னேன், சிரிப்பு நின்றது. போனவர் கை டிராக்டரோடு திரும்பினார். பொழுது சாயும்வரை உழுதார். நான்கு வாழைக் குத்து போயிற்று. என் உள்ளங்கையில் மூன்று கொப்புளம்.

ஈர மண் வாசனை வீடு முழுக்க. மாலையில் விமானம் தாழப் பறந்தது. அவர் முகத்தைத் தூக்கி அது போகும் திசையெல்லாம் திருப்பினார்.

நவ. 15, சனி

கரை முடிந்தது. மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி மெழுகினேன். மாலை வெயிலில் சிவப்பு ஆறு ஒன்று மாமரங்களைச் சுற்றிப் படுத்துத் தூங்குகிற மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தேன். துணி எடுக்க மறந்து, பனியில் நனைந்தது.

நவ. 16, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும்.

நான் பக்கத்து சீட்டில், கை பிரேக்கில் கை. முதல் கியர். பெகு ரோடு சரியாகத்தான் போனது. டவுங்கூவில் "வலது, வலது" என்று கத்தினேன். வழவழப்பான கரை, சக்கரம் சத்தமில்லாமல் ஏறிவிட்டது. வாழைக்குள் புகுந்து, வேலியை முறித்து, கோ மியோவின் ரோஜா மூன்று வரிசை. யாருக்கும் அடி இல்லை.

"ரோஜா மறுபடி பூக்கும் சயா," என்றார் கோ மியோ. டிரைவர்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவது. இவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

"வண்டிய அண்ணன்கிட்ட குடுத்துடு ரோசி."

இரவு அவர் சாப்பிடவில்லை. தப்பு என்னுடையது. நான் பார்க்க அழகாகக் கட்டியிருக்கிறேன். அவர் கைக்குக் கட்டவில்லை.

நவ. 17, திங்கள்

விடிந்ததும் கட்டிலில் ஆளில்லை. ஓடினேன். பாதையில் வெறுங்காலோடு, கரையைத் தடவிக்கொண்டு நடக்கிறார்.

"இதென்ன, மேசை மாதிரி மெழுகி வச்சிருக்க? உடைஞ்ச செங்கல்லு பதிக்கணும். வளைவுக்கு முன்னால தரையில குறுக்க மூங்கில். தடதடன்னா நான் திரும்பணும். அப்புறம் இன்னொண்ணு."

"என்ன?"

"நீ கத்தாத. நீ கத்துனா மண்ணு சொல்றது எனக்குக் கேக்கல."

சுருக்கென்றது. பிறகு சிரிப்பு வந்தது. அவருக்கும். ஆபீசுக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

நவ. 22, சனி

செங்கல் பதித்தாயிற்று, மூங்கிலும். கோ மியோ வேலியைச் சரி செய்தார். இவர் காலையும் மாலையும் பாதையை நடந்து நடந்து உள்ளங்கால் செம்மண் நிறம். கழுவினாலும் போகவில்லை.

தாமஸ் அண்ணன் வந்து பார்த்தார். "ரெண்டு பேருக்கும் பைத்தியமா?"

"மச்சான், அந்த ஆள்கிட்ட சொல்லிடுங்க. வண்டி விலைக்கு இல்ல."

அண்ணன் டீ குடிக்காமல் போனார்.

நவ. 23, ஞாயிறு

லேசான குளிர். இலையெல்லாம் பனி. சேர்த்து வைத்த ரேஷன் பெட்ரோல் ஊற்றினோம்.

வாயைத் திறக்கவில்லை நான். மூங்கில் தடதடத்தது, திருப்பினார். டவுங்கூ தாண்டினோம். மேட்டில் ஏறும்போது வானம் மட்டும். ஓடையில் தண்ணீர் முகத்தில் தெறித்தது. அவர் வாய்க்குள் என்னவோ பாட்டு. மூன்று சுற்று. நான்காவதில் சொன்னார்:

"இப்ப நீ கண்ண மூடு."

மூடினேன். மாவிலைகள் கூரையை உரசின. தேக்குக் காடா, எங்கள் தோட்டமா? எத்தனை வளைவு திரும்பினோம் என்று தெரியவில்லை. நீண்ட தூரம் போன மாதிரி. வண்டி நின்றது.

"எங்க இருக்கோம், சொல்லு."

"வேலியோரம்."

"இல்ல. பெரிய மாமரத்துக்கு நாலடி இந்தப் பக்கம்."

கண்ணைத் திறந்தேன். அவர் சொன்னதுதான் சரி.