சம்மதப் படிவம்

ரெட்டியார்பாளையம்,
23.9.2024

அன்புள்ள அக்காவுக்கு, பாரதி எழுதுவது.

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அப்பா போனிலிருந்து அடித்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்? மனசைப் பற்றிப் படிக்கலாம் என்று சைக்காலஜியில் சேர்ந்தால், முதல் வருஷம் முழுக்க மூளை நரம்பும் புள்ளியியலும்தான். அதுவும் இங்கிலீஷில். வீட்டில் ஒருவரைக் கவனித்து கேஸ் ஸ்டடி எழுதுங்கள் என்று கமலவேணி மேடம் சொன்னது ஒன்றுதான் தமிழ் மீடியத்துக்காரி எனக்குப் புரிந்தது. அப்பா ஓரிடத்தில் உட்கார மாட்டார். அதனால் உன்னைப் பற்றி எழுதினேன். பெயர்கூடப் போடவில்லையே! 'து., 26 வயது, ரெட்டியார்பாளையம், துணிக்கடையில் பில்லிங்' என்றுதான் போட்டேன். அதை மேடம் வகுப்பில் வாசிக்கச் சொல்வார், என் வகுப்பிலேயே படிக்கிற நம் தெரு சிந்துஜா அவள் அம்மாவிடம் போய்ச் சொல்வாள், "பொண்ணுக்கு மனசு சரியில்லையாமே" என்று கதிர்காமத்து மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்று நான் கனவா கண்டேன்? அதற்காக ஒரகடத்தில் கம்பெனி வேலை தேடிக்கொண்டு வீட்டை விட்டே போய்விடுவதா?

இன்னொரு தலைவலி. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உன் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். என் ரேங்க் கார்டில் நீ அப்பா கையெழுத்தைப் போடுவாயே, அந்த மாதிரிதான். இப்போது மேடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தக் கடிதத்தோடு புதுப் படிவம் வைத்திருக்கிறேன். பழைய தேதி போட்டு அடுத்த வெள்ளிக்குள் அனுப்பிவிடு, ப்ளீஸ்.

உன் செல்லத் தங்கை,
பாரதி

ஒரகடம்,
30.9.2024

பாரதிக்கு,

படிவம் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

கதிர்காமத்துக்காரர்கள் போனால் போகட்டும். ஊர்ப் பேச்சைக் கேட்டு ஓடுகிறவர்களோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

சிந்துஜா உன் நோட்டை எடுத்த போட்டோவை அவள் அம்மா எனக்கே அனுப்பினாள். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன், நீ பத்து நிமிஷம் தாமதித்தால் நாலு தடவை போன் அடிப்பேன். எல்லாம் நிஜம்தான். ஆனால் அம்மாவின் திதியன்று மாடியில் அழுதுகொண்டே, "உனக்கும் ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்குடி" என்று சொன்னேனே, அது உன்னிடம் மட்டும் சொன்னது. அதற்கு மேற்கோள் குறி போட்டு, 'நபரின் கூற்று' என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் தங்கச்சி என்று நினைத்தேன்.

அப்பா கையெழுத்தை நான் போட்டது நீ அடி வாங்கக் கூடாது என்று. என் கையெழுத்தை நீ போட்டது யாருக்காக?

துர்கா

ரெட்டியார்பாளையம்,
9.10.2024

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் மேல்தான் கோபப்பட்டேன். தப்பு செய்தவளே கோபப்படுவதற்கும் பாடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்து என்ன பிரயோஜனம்?

மூன்றாம் நாள் மேடத்திடம் போய், கையெழுத்து நான் போட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பூஜ்யம் போட்டார். அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து ப்ராக்டிகல் செய்ய வேண்டும். வகுப்புக்குள் நான் போனாலே, "ஏய், வாய மூடு, எழுதிடப் போறா" என்று சிரிக்கிறார்கள். எரிச்சல் எரிச்சலாக வருகிறது. மற்றவர்கள் மேல் என்று நினைத்தேன். இல்லை, என் மேல்தான்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடு. தீபாவளிக்கு வா அக்கா. "அவ வந்தாதான் பண்டிகை" என்கிறார் அப்பா. எனக்கும் அப்படித்தான்.

பாரதி

ஒரகடம்,
18.10.2024

பாரதிக்கு,

மேடத்திடம் உண்மையைச் சொன்னது நல்லது.

தீபாவளிக்கு நான் வரவில்லை. லீவு இருக்கிறது, இருந்தும் வரவில்லை. வந்தால், எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று யோசித்துக்கொண்டே உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சொந்த வீட்டில் என்னால் அப்படி இருக்க முடியாது. அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

உன் மேல் பாசம் குறையவில்லை. அது குறையாது, என்ன செய்ய. நம்பிக்கைதான் போய்விட்டது.

படிப்பை விட்டுவிடாதே. உன்னைப் பற்றி எழுது, படிப்பேன். என்னைப் பற்றி இனி உனக்கு எதுவும் சொல்ல மாட்டேன்.

துர்கா