தவிர்ப்பது நலம்

என்னங்க,

முன்பெல்லாம் இப்படிக் கூப்பிட்டால் "ம்" என்று ஒரு சத்தமாவது வரும். இப்போது அதுவும் இல்லை. டி.வி.யை ஓடவிட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன்.

போன வாரம் உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. ஏரிக்கரைக் குடியிருப்பைப் பற்றி மறுபடி ஒரு வல்லுநர் குழு போட்டிருக்கிறார்களாம். பழைய குழு உறுப்பினர் என்று உங்களைக் கருத்துச் சொல்ல அழைத்திருக்கிறார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுதேன்.

நிலத்தடி நீர் ஆராய்ச்சியிலேயே ஊறியவர் நீங்கள். "ஏரிக்கரையில் வீடு கட்டக் கூடாது" என்றுதான் அன்று அறிக்கையில் எழுதியிருந்தீர்கள். குழுவைப் போட்ட அதிகாரி அதைப் படித்துவிட்டுச் சொன்னது நினைவிருக்கிறதா? "ஆலோசனை சொல்றதுதான் சார் குழுவோட வேலை. 'கூடாது'ன்னா உத்தரவு மாதிரி இருக்கு. கொஞ்சம் மென்மையா போடுங்க."

கரையான்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்து, தமிழாசிரியையான என்னிடம் சொல் கேட்டீர்கள். அரிசி களைந்துகொண்டே "தவிர்ப்பது நலம்னு போடுங்களேன்" என்றேன். என் தமிழின்மேல் எனக்கு அவ்வளவு கர்வம்.

நலம்தானே, கட்டாயமில்லையே என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். குழுவைக் கேட்டுத்தான் செய்தோம் என்று பேட்டி வேறு. நீங்கள் ஒரு நாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. திட்டியிருக்கலாமே?

நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் செல்வி அங்கேதான் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறாள். இந்த மழையின்போது அவள் சொன்னாள்: "சார் மாதிரி படிச்சவங்க பார்த்த எடமாச்சேன்னு நம்பித்தாம்மா வந்தோம். இப்ப ஊட்டுக்குள்ள முட்டிக்கால் தண்ணி. கட்டில் மேல அடுப்ப வெச்சுகினு கீறோம்."

நேற்று உங்கள் பீரோவில் அந்த அறிக்கையின் முதல் பிரதி கிடைத்தது. 'கூடாது' என்பதை ஒரே கோடாக அடித்திருக்கிறீர்கள். பக்கத்தில் 'தவிர்ப்பது நலம்' என்று இருப்பது என் கையெழுத்து. சொன்னதோடு நிற்காமல் நானே எழுதியும் கொடுத்திருக்கிறேன், மறந்தே போய்விட்டது.

வியாழக்கிழமை குழு கூடுகிறது. உங்கள் இடத்தில் நான் போகிறேன். அறிவியல் எனக்குத் தெரியாது. தாளைக் காட்டி, எழுதியது அவர், மாற்றியது நான் என்று சொல்வேன்.

அதற்கு முன்னால் செல்வியிடம் சொல்லிவிடுவேன். இது சத்தியம். கேட்டுவிட்டு அவள் வேலைக்கு வராமல் நின்றுவிட்டால், இந்த வீட்டில் என்னோடு பேச வேறு ஆள் இல்லை. இருந்தாலும் சொல்வேன்.

உங்கள் மனைவி,
மீனாட்சி