மை போட்டவன் விழுந்த கட்டம்

மார்ச் 4

எந்த வருஷம் என்று, நான் சொல்லச் சொல்ல எழுதுகிற மகள் கேட்கிறாள். வருஷத்தின் எண் எனக்கு எதற்கு? ஆற்றுப் பாலம் உடைந்து சரக்கு ரயில் தண்ணீரில் தொங்கியதே, அந்த வருஷம். நூல் ஆலை எரிந்து ஊர் முழுக்கப் பஞ்சுக்கரி பறந்த வருஷம். பஸ் கட்டணம் ஒரே கோடையில் இரண்டு தடவை ஏறியது. ஆலைத் தீ அணைந்த பிறகு, மழைக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, அச்சகத்துக்குள் ஆட்கள் புகுந்து என் மச்சானை அடித்துக் கொன்றார்கள்.

"அப்பா, நாட்குறிப்புன்னா இன்னைக்கு நடந்ததைச் சொல்லணும்."

இன்றைக்கும் ஒன்று நடந்தது, அதனால்தான் இது. அச்சக முதலாளியின் மகன், சின்ன முதலாளி வந்தார். சம்மட்டிக்கு மறுபடி ஒரு புத்தகம் வேண்டுமாம். அறுபத்து நான்கு பக்கம். மே முடிவதற்குள்.

சம்மட்டி யார் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. படக்கதையில் நான் பெற்ற பிள்ளை. அடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாதவன். என் இளவயது முழுக்க வாரம் பதினாறு பக்கம் அவனுக்குப் படம் போட்டேன். நான் பென்சில். மச்சான் மை. பேச்சுப் பலூனுக்குள் எழுத்து எழுத எழுத்துக்காரர் ஒருவர். எனக்கு எழுத்து தெரியாது. கதையை வாய்விட்டுப் படிப்பார்கள். ஒரு பேச்சுக்கு எவ்வளவு மூச்சு போகிறதோ அவ்வளவு பெரிய பலூன் போட்டுவிடுவேன். இடம் பற்றாமல் போனதே இல்லை.

மார்ச் 6

சின்ன முதலாளியிடம் சொன்னேன்: அறுபத்து நான்கில் எட்டுப் பக்கம் என் இஷ்டம். அச்சகத்தில் நடந்ததைப் போடப் போகிறேன்.

"சம்மட்டி அதுல வர்றானாய்யா?"

"அன்னைக்கு அவன் எங்க வந்தான்?"

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். போகும்போது வாசலில் நின்று, "புதுசா ஒண்ணும் வேணாம்யா. பழைய குத்தே போதும். சனங்க அதுக்குத்தான் காசு குடுக்குறாங்க" என்றார்.

பழைய குத்து ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கிறது. அவசரத்துக்கு வெட்டி ஒட்ட வைத்திருக்கும் முஷ்டிகள். இடமிருந்து வருவது, வலமிருந்து வருவது, தாடைக்குக் கீழே போவது. வியாழக்கிழமை மாலை அச்சுக்குப் போக வேண்டும், புதன்கிழமை பாதிப் பக்கம் காலியாக இருக்கும், பெட்டியைத் திறப்போம். அப்படி ஒட்டி ஒட்டித்தான் கை வளராமல் போனது. அதை மச்சான் மட்டும்தான் என் முகத்துக்கு நேரே சொல்வான்.

மார்ச் 11

மச்சான் அன்றைக்குச் சொன்னது இது: "ஏன் மாப்ள, ஒனக்கு ஒரே ஒரு கெட்டவன்தான் தெரியுமா? எல்லா வாரமும் அதே மரு, அதே மீசை. பாவம்யா அந்தாளு, எத்தனை தடவைதான் சாவான்."

சுருக்கென்று தைத்தது. அந்த வாரக் கெட்டவனுக்கு நிஜ முகம் போடுவது என்று தீர்மானித்தேன். எங்கே போய்த் தேடுவது, இரண்டு நாள்தான் இருக்கிறது. எங்கள் தெரு முனையில் புதிதாக ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். இரட்டைத் தாடை. ஒரு கண்ணிமை பாதி இறங்கியிருக்கும். வாய் சிரிக்கும், கன்னம் சிரிக்காது. அப்படி ஒரு முகம் படம் போடுகிறவனுக்குக் கிடைப்பது யோகம். நின்றபடியே வரைந்துகொண்டேன். கீழே கொட்டை எழுத்தில் ஏதோ இருந்தது. இருந்து என்ன?

மை போடும்போது மச்சான் மூக்கைப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு சொன்னான்: "யார்ரா இவன்? மூச்சு விடுறான்!"

அவன் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

அது லாரி முதலாளியின் முகம். சந்தைச் சங்கத் தேர்தலுக்கு நின்றார். புத்தகம் வந்த மறுநாள் அவர் கார் போகிற தெருவெல்லாம் பிள்ளைகள் பின்னால் ஓடி, "டேய் ஆள்கடத்தி! சம்மட்டி வர்றான் ஓடு!" என்று கத்தினார்களாம். தேர்தலில் தோற்றார். அதன் பிறகுதான் ஆட்களை அனுப்பினார்.

மார்ச் 19

அடி விழுந்த நாளை இன்றைக்கு வரைய உட்கார்ந்தேன். சொல்லிவிட்டு வரைகிறேன்.

ஐந்து பேர். மதியம். முதலில் வந்தவன் கதவைத் திறக்கவில்லை, கதவோடு வந்தான். மை அலமாரி சாய்ந்தது. எழுத்துக்காரர் கையைத் தூக்கினார், தூக்கிய கையிலேயே ஒரு போடு. விரல் பின்பக்கமாக மடங்கியதை நான் பார்த்தேன். பெரிய முதலாளியை மேசைக்கு அடியில் தள்ளி நெஞ்சில் மிதித்தார்கள். என் தலையில் நாற்காலி உடைந்தது. வாயில் ரத்தம் வந்தது, அதில் ஒரு பல்லும் வந்தது.

"படம் போட்டவன் எவன்டா?"

பென்சில் என் காதில். பிரஷ் மச்சான் கையில். அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். இத்தனை கூத்திலும் திரும்பவில்லை. மை போடுகிறவன் நடுக்கோட்டில் நிறுத்த மாட்டான். நிறுத்தினால் அந்த இடம் திட்டாகிவிடும், பக்கமே போச்சு. எங்கள் எல்லாருக்கும் உள்ள வியாதிதான்.

"இருப்பா, இந்தக் கோட்ட முடிச்சுர்றேன்" என்றான்.

கம்பி இறங்கியது. தோளில் முதலில். கோடு பக்கத்தை விட்டு ஓடி, மேசை மேல் ஏறி, சுவர் வரைக்கும் போனது. அப்புறம் தலையில். அப்புறம் எத்தனை என்று— போதும்.

(எழுதிவிட்டாள். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். அவளுக்குத் தாய்மாமன். பார்த்ததே இல்லை.)

மார்ச் 27

கிழித்தேன்.

ஏப்ரல் 2

மறுபடி கிழித்தேன். எதைப் போட்டாலும் சம்மட்டி மாதிரியே வருகிறது. அடி விழுகிற இடத்தில் நட்சத்திரம் தானாக வருகிறது, கை பாட்டுக்குப் போடுகிறது. அன்றைக்கு எங்கே இருந்தது நட்சத்திரம்? 'டமால்' எங்கே இருந்தது? நனைந்த கோணி படியில் விழுகிற சத்தம்தான் கேட்டது.

அதை விடப் பெரிய கஷ்டம் ஒன்று. கம்பி ஞாபகம் இருக்கிறது, அறுகோண முனை, லாரிச் சக்கரம் கழற்றுகிற கம்பி. பிடித்த கை ஞாபகம் இருக்கிறது, மணிக்கட்டில் தீப்பட்ட வடு. முகம் இல்லை. நான் கையைத்தான் பார்த்திருக்கிறேன். குத்துப் பெட்டிக்காரன் வேறு எதைப் பார்ப்பான்?

முகம் இல்லாமல் அந்தக் கட்டம் நிற்காது. எல்லாருடைய அடியாளாகவும் ஆகிவிடும். மச்சானைக் கொன்றது எல்லாரும் இல்லை. ஒருத்தன்.

சின்ன முதலாளி போன் செய்தார். எத்தனை பக்கம் ஆச்சு? முப்பது என்றேன். நிஜத்தில் ஒன்பது.

ஏப்ரல் 9

மருமகன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். சாப்பிடும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார். நெஞ்சுப் படம் எடுக்க ஒரு கிழவர் வருகிறாராம். கூட வருகிறவர்கள் அவரைக் 'கம்பி' என்கிறார்களாம். கொலைக் கேஸில் உள்ளே இருந்து வந்தவராம். சட்டையைக் கழற்றச் சொன்னபோது மணிக்கட்டில் வடு பார்த்தாராம்.

"நான் போய்ப் பாக்கணும்" என்றேன்.

"எதுக்கு?" என்றாள் மகள். "என்னத்துக்கு? மாமாவைக் கொன்னவன் மூஞ்சியப் பாத்து என்ன பண்ணப் போறீங்க?"

"படம் போடணும்."

"படம்! படம்! அம்மா சாகுற அன்னிக்கும் பலகையைத் தூக்கிட்டுத்தானே உக்காந்திருந்தீங்க!" பேனாவைச் சுவரில் எறிந்தாள். இதைப் பென்சிலால் எழுதுகிறாள். எழுதுகிறாளே, அதுவே பெரிது.

ஏப்ரல் 15

இன்று எழுதுவது மகள் அல்ல, மருமகன். அவள் எழுத மாட்டேன் என்றுவிட்டாள். என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும், மாமா மன்னிக்கவும். மாமா சொல்கிறார்:

கம்பி இருப்பது டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. கட்டில், ஒரு ஸ்டூல், இருமல் மருந்து. இவ்வளவு சிறுத்த ஆளா என்று இருந்தது. நான் யார் என்று சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"அண்ணே," என்றான், "சம்மட்டி நான் படிச்சிருக்கேன். ஜெயில்ல கைக்குக் கை வரும். கிழிஞ்ச பக்கத்தை நாங்களே வாயால சொல்லிக்குவோம்."

பலகையை மடியில் வைத்தேன். அன்றைக்கு எப்படி ஓங்கினாய், காட்டு என்றேன். கைத்தடியை ஓங்கினான். புருவத்தைச் சுருக்கி, பல்லைக் கடித்து— தூ! நான் ஆயிரம் தடவை போட்ட மூஞ்சி. எங்களிடமிருந்து படித்தது.

"இது சம்மட்டி மூஞ்சி. எனக்கு ஒன் மூஞ்சி வேணும்."

"மறந்துபோச்சுண்ணே. அன்னைக்கு மூணு எடம். ஒங்களுது ரெண்டாவது. பொழுது எறங்குறதுக்குள்ள முடிச்சுட்டு லாரிய விடணும்னு சொல்லியிருந்தாங்க. அந்த அவசரந்தான் ஞாபகம் இருக்கு."

வியாழக்கிழமைக் கெடு அவனுக்குமா!

அதன் பிறகு நான் சொன்னதை மருமகன் எழுதத் தயங்குகிறார். எழுதுங்க மாப்பிள்ளை. நான் சொன்னேன்: "எங்க மச்சான் ஒன்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு ஆளா மதிக்கல. கொசுவ ஓட்டுற மாதிரி 'இருப்பா'ன்னான். நீ அடிச்சது அதுக்குத்தான். ஒன் முதலாளிக்காக இல்ல. பொட்டப்பய."

தடி இறங்கியது. இடது தோளெலும்பில். நான் கண்ணை மூடவில்லை. பார்த்துவிட்டேன்.

கோபமே இல்லை. கீழுதட்டைப் பல்லால் லேசாகப் பிடித்திருந்தான். கண் என்மேல் இல்லை, தடி விழ வேண்டிய இடத்தின் மேல். ஆணி அடிக்கிறவன், ஊசியில் நூல் கோக்கிறவன் பார்ப்பானே, அது.

"அண்ணே," என்றான், "எலும்புச் சத்தம் கேட்டுச்சுண்ணே." தடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான், வேறு யாரோ எடுத்துவிடப் போகிறார்கள் என்பது போல.

(மருமகன் குறிப்பு: எலும்பு உடைந்திருக்கிறது. படத்தை நானே எடுத்தேன். படுக்கச் சொன்னால் மாமா, "வெளிச்சம் இன்னும் கொஞ்சம் வச்சிருக்கலாம்" என்று என் படத்துக்குக் குறை சொல்கிறார்.)

ஏப்ரல் 16

வலது கை நன்றாக இருக்கிறது.

மே 3

ஐம்பத்தாறு பக்கம் கொடுத்தாகிவிட்டது. பெட்டியைத் திறந்தேன், வேறு வழி? ஒரு கையால் வெட்ட முடியவில்லை. மருமகன் வெட்டினார், நான் ஒட்டினேன். சம்மட்டி கூரையிலிருந்து குதிக்கிறான், பதினோரு பேர் பறக்கிறார்கள். சின்ன முதலாளிக்கு ஒரே மகிழ்ச்சி. சம்மட்டியைக் குறைவாகச் சொல்லவில்லை. என் வீட்டில் அடுப்பு எரிந்தது இவனால். பெட்டி மிச்சம் பிடித்துக் கொடுத்த நாட்களில்தான் இந்த எட்டுப் பக்கத்தை வரைகிறேன்.

மே 17

ஏழாம் பக்கத்துக்கு மை போடுகிறேன். நானே. என் வாழ்நாளில் மை போட்டதில்லை, அது அவன் வேலை. ஓடிப்போன கோட்டைப் போட வேண்டும். மெதுவாகப் போட்டால் பொய்யாக இருக்கிறது. மருமகனைப் பின்னால் நிற்கவைத்து, "நான் எதிர்பாக்காதப்ப தோள்ல இடிங்க" என்றேன். முடியாது என்றுவிட்டார்.

இடித்தது மகள். எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. நல்ல இடி. உடைந்த எலும்பு வரைக்கும் போய்க் கண்ணில் பொறி பறந்தது. கோடு பக்கத்தைத் தாண்டி மேசைக்குப் போனது.

குனிந்து பார்த்தாள். வெகு நேரம். "மாமா மூக்கு என்னோடது மாதிரியே இருக்கு" என்றாள்.

இன்றிலிருந்து மறுபடி அவள்தான் எழுதுகிறாள்.

மே 24

சின்ன முதலாளி காலையும் மாலையும் கேட்கிறார். எட்டும் முடிந்து மெத்தைக்கு அடியில் இருக்கிறது. இன்னும் காயவில்லை என்கிறேன்.

எழுத்துக்காரர் சொல்லிக்கொடுத்த வித்தை. மனசுக்குப் பிடித்த பக்கத்தை முன்னால் கொடுக்காதே. நேரம் இருந்தால் எல்லாருக்கும் திருத்தச் சொல்லப் புத்தி வரும். மிஷின் ஓட ஆரம்பித்த பிறகு கொடு. ஆயுள் முழுக்கத் தேதி என் கழுத்தைப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு தடவை நான் அதைப் பிடித்துக்கொள்கிறேன்.

மே 31

வந்தார். பார்த்தார். சத்தம் தெரு முனைக்குக் கேட்டிருக்கும்.

"சம்மட்டி எங்கய்யா? எட்டுப் பக்கமும் அடி வாங்குறீங்க, ஒருத்தன் திருப்பி அடிக்கல! பலூன்கூட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு! இத எவன் வாங்குவான்? ஒரே ஒரு கட்டம் போடுங்க. ஜன்னல ஒடச்சுக்கிட்டு வரட்டும்!"

"போடலாம். நாலு நாளாகும்."

"மிஷின் ஓடுதுய்யா! ஆறு மணிக்குக் கடைசி ஃபாரம் அச்சுல ஏறணும்!"

"அப்ப ஒங்க இஷ்டம்."

என் சட்டையைப் பிடித்தார். இடது தோளில் கட்டுப் போட்டிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டிருக்கும், விட்டுவிட்டார். ஏழாம் பக்கத்தை மறுபடி எடுத்தார். அதில் அவருடைய அப்பா மேசைக்கு அடியில் கிடக்கிறார், நெஞ்சில் ஒருவன் கால். எட்டையும் அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். "கெழட்டு நாயே" என்று கீழே போய்ச் சொன்னது கேட்டது.

அச்சாகிவிட்டது.

ஜூன் 12

மருமகன் ஒரு பிரதியை டயர் கடை மாடிக்குக் கொண்டுபோனார். கம்பி ஏழாம் பக்கத்தை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தானாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தானாம்.

"நான் இவ்வளவு சின்னப் பையனாவா இருந்தேன்?" என்றானாம்.

புத்தகம் பாதி விற்றிருக்கிறது, பாதி திரும்பியிருக்கிறது. சின்ன முதலாளி அடுத்தது கேட்கவில்லை. யாரோ வாசகர் போன் செய்து, அந்த எட்டுப் பக்கத்தில் உள்ளவர்கள் எல்லாம் நிஜமான ஆட்களா, இருக்கிறார்களா என்று மகளிடம் கேட்டாராம். அவள் என்னைக் கேட்கிறாள்.

எழுது. மச்சான், அங்கேயே, பிரஷ் கையில். பெரிய முதலாளி, நெஞ்சு சரியாகவே இல்லை, மழை முடிவதற்குள் போனார். எழுத்துக்காரர் அந்த மடங்கின விரலோடு வெகு காலம் எழுதினார்; போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தூக்கத்தில் போனார். வந்த ஐந்து பேரில் ஒருவன் லாரியில் அடிபட்டான், ஒருவன் ஜெயிலில் செத்தான், இரண்டு பேர் குடித்துச் செத்தார்கள். நான் இந்தா, உன் எதிரில்.

"அவனையும் எழுதணுமாப்பா?"

எழுதும்மா. அந்த அறையில் இருந்தவர்களில் என்னை விட்டால் இன்றைக்கு உயிரோடு இருப்பது கம்பி.