அறுநூறு கிராம் என்சைம்

நாள் 11. காலை 6.10
செவ்வாய்க் கிரகம், கோழிக்கொட்டகை. எழுதுவது கோகிலவாணி, தீவனப் பொறுப்பு. இங்கே ஆள் நான் ஒருத்திதான். பொரித்துப் பதினொரு நாளான குஞ்சுகள் 212. உள்வெப்பம் 31 டிகிரி. சோயாப் புண்ணாக்கு தீர்ந்தது. கப்பல் வரப் பதினான்கு மாதம். இன்று முதல் சூரியகாந்திப் புண்ணாக்கு. அதிலுள்ள பாஸ்பரஸ் பூட்டிக் கிடக்கிறது. என்சைம் பொடி கலந்தால்தான் குஞ்சின் எலும்புக்குப் போகும். பொடி நாலு கிலோ. அதை வளர்த்த தொட்டி உடைந்துவிட்டது, புதுத் தொட்டி எப்போது முடியுமோ. இந்தக் கிரகத்தில் கோழி என்றால் இவ்வளவுதான்.

நாள் 19. மாலை 4.30
37 குஞ்சுகள் உட்கார்ந்தே கிடக்கின்றன. கால் வளைகிறது. பொடியை இரட்டிப்பாக்கினேன். அலுத்துவிட்டது.
எங்கள் குடியேற்ற ஊரிலிருந்து நிர்வாகி நல்லசிவம்: "ஏனுங்க, கோழி எந்திரிச்சு நிக்குதுங்களா? இங்க ஆளாளுக்குக் கேட்டு உசுர வாங்கறாங்க."
இல்லை என்று அனுப்பினேன்.

நாள் 26. காலை 11.05
என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். போன முறை கழிச்சல் நோயில் ஒரு கொட்டகையே காலியானது. அந்தப் பயத்தில் தீவனத்தைத் தொண்ணூறு டிகிரி ஆவியில் வேகவைக்கிறேன். பொடியையும் சேர்த்தே வேகவைத்திருக்கிறேன். அறுபதைத் தாண்டினால் அது செத்துவிடும். டப்பாவில் எழுதியிருக்கிறது; அதன் மேல்தான் என் தேதிச் சீட்டை ஒட்டியிருந்தேன்.
மீதி அறுநூறு கிராம். முப்பது கோழிக்குத்தான் காணும். தேறும் முப்பதை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை அறுத்து ஊருக்கு அனுப்பினேன். காரணம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

நாள் 33. காலை 7.20
தீவனம் ஆறிய பிறகு பொடி தெளிக்கிறேன். முப்பதில் இருபத்தாறு நிற்கின்றன! ஒன்று நடந்து வந்து என் பூட்ஸைக் கொத்தியது. அழுதுவிட்டேன்.

நாள் 35. பகல் 1.40
நல்லசிவம்: "ஒண்ணு கேக்கோணுங்க. நாலு மாசமா இங்க அந்தப் புண்ணாக்கு மாவு ரொட்டிதான். எம்பட புள்ள மூணு நாளா நடக்க மாட்டேங்கறா. இன்னும் எட்டுக் கொழந்தைங்க அப்படித்தான். டாக்டரம்மா நீங்க அனுப்புன கோழி படத்தப் பாத்துட்டு இதே நோவுதான்னு சொல்றாங்க. அந்தப் பொடி மனுசருக்கு ஆகுமுங்களா?"
என் பதில்: "ஆகுமுங்க. மாவுல தண்ணி ஊத்திப் பொடியக் கலந்து நாலு மணி நேரம் ஊற வெய்யுங்க. அதுக்கப்பறந்தான் சுடோணும். முன்னாடியே அடுப்புல வெச்சராதீங்க."

நாள் 35. மாலை 5.15
வண்டி வந்தது. டப்பாவைக் கொடுத்துவிட்டேன். கரண்டியில் ஒட்டியிருந்ததையும் தட்டிப் போட்டேன்.

நாள் 46. காலை 8.00
வெறும் புண்ணாக்கு. நிற்பவை மூன்று. தட்டின் சத்தம் கேட்டால் மற்றவையும் வருகின்றன, சிறகை ஊன்றிக்கொண்டு. தட்டாமல் வைக்கப் பழகிவிட்டேன்.

நாள் 46. காலை 9.30
நல்லசிவம்: "ரெண்டு புள்ளைங்க எந்திரிச்சிருச்சுங்க, கும்படறனுங்க. எம்புள்ளைக்கும் மத்ததுகளுக்கும் பொடி பத்துல. எங்கயாச்சும் இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்களா? நல்லாத் தேடிப் பாருங்க."

நாள் 46. மாலை 6.00
எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். இதைத்தான் அனுப்பப்போகிறேன்:
"இருந்துச்சுங்க. மூணு கிலோ நானூறு கிராம். நாந்தானுங்க அத வேகவெச்சுக் கெடுத்துட்டேன்."